இருபதாம் தேதியும் என் பணிப்பட்டியல் மென்பொருளும்

சிவகாசியில் ஏறத்தாழ நாற்பது சிறு நிறுவனங்களுக்குக் கணக்கெழுதி, அவர்களுடைய ஜிஎஸ்டி, டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வரி), வருமான வரி ரிட்டர்ன்களைத் தாக்கல் செய்து தருவது என் தொழில். 2022 ஜூலையில், அச்சகம் நடத்தும் அண்ணாச்சி ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, இந்த மாச 3பி-யில 150 ரூபா லேட் ஃபீஸுன்னு காட்டுதே, அது என்ன?" என்று கேட்டார். அது என்ன என்று எனக்குத் தெரியும். முந்தைய மாதம் 20-ஆம் தேதிக்குள் போட்டிருக்க வேண்டிய 3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டர்னை 23-ஆம் தேதி போட்டிருந்தேன். மத்திய வரிக்கு 25, மாநில வரிக்கு 25 என்று நாளொன்றுக்கு 50 ரூபாய் வீதம் மூன்று நாள் தாமதக் கட்டணம் சேர்ந்திருந்தது. அது அடுத்த மாத ரிட்டர்னில்தான் தலைகாட்டும் என்பதால், அவரிடம் அதுவரை சொல்லாமலே இருந்துவிட்டேன். அந்தத் தொகையையும், தாமதமாகக் கட்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் என்ற கணக்கில் வந்த வட்டியையும் என் கூலியில் கழித்துக்கொள்ளச் சொன்னேன். அவர், "பணம் கிடக்கட்டும், நீங்க இருக்கீங்கன்னுதான நான் தேதியப் பாக்குறதில்ல" என்றார்.

நான் தேதியை மறக்கவில்லை என்பதுதான் இதில் விந்தை. கைபேசியில் பணிப்பட்டியல் செயலி ஒன்றை வைத்திருந்தேன். ஒவ்வொரு பார்ட்டிக்கும், அதாவது வாடிக்கையாளருக்கும், 'மாதந்தோறும் 3பி' என்று தனித்தனியாகப் பதிந்து, முடித்ததும் டிக் செய்துவந்தேன். அந்த ஆண்டு மே மாதத்தில், ஜிஎஸ்டி போர்ட்டலில் ஏற்பட்ட கோளாறு காரணமாக, ஏப்ரலுக்கான 3பி-யின் கடைசி நாளை அரசு மே 24 வரை நீட்டித்தது. பெரும்பாலானவர்களுக்கு 18, 19 தேதிகளிலேயே வேலையை முடித்துவிட்டேன். அண்ணாச்சியின் கொள்முதல் பில்கள் தாமதமாக வந்ததால் அவருடையதை மட்டும் 23-ஆம் தேதி முடித்தேன். செயலியோ, நான் டிக் செய்த நாளிலிருந்து ஒரு மாதம் எண்ணி, அவருடைய அடுத்த பணியை ஜூன் 23-இல் கொண்டுபோய் வைத்துவிட்டது. ஜூன் 20 அன்று காலையில் 'இன்று' என்ற பட்டியலைத் திறந்தபோது அவர் பெயர் அதில் இல்லை. 23-ஆம் தேதி வந்தது. தாமதம் என்பதற்கான சிவப்பு எழுத்துகூட இல்லாமல், இயல்பான ஒரு வேலையைப் போல வந்து நின்றது.

பிறகு உட்கார்ந்து பழைய பதிவுகளைப் பார்த்தபோது, இந்தக் கோளாறு ஒன்றரை ஆண்டுகளாகவே நடந்துகொண்டிருந்தது தெரிந்தது. 18-ஆம் தேதி முடித்தவருக்கு அடுத்த பணி 18-இல் வந்தது, அதை 17-இல் முடித்தால் அதற்கடுத்தது 17-இல் வந்தது. முன்கூட்டியே வருவதால் நன்மையாகவே தெரிந்தது. ஆகவே நான் சந்தேகப்படவில்லை. பிழை நமக்குச் சாதகமாக இருக்கும் வரையில் அதை யாரும் பிழை என்று பார்ப்பதில்லை.

திரும்பத் திரும்ப வரும் பணிகள் இரண்டு வகை. வரி ரிட்டர்ன் போன்றவை நாட்காட்டியோடு கட்டுண்டவை. நான் எப்போது முடித்தாலும் அடுத்தது 20-ஆம் தேதிதான். வீட்டுக் குடிநீர்ச் சுத்திகரிப்பானின் வடிகட்டியை மாற்றுவது போன்றவை முடித்த நாளோடு கட்டுண்டவை. இந்த முறை ஒரு மாதம் தள்ளிப் போட்டிருந்தால் அடுத்ததும் ஒரு மாதம் தள்ளித்தான் வர வேண்டும். பல செயலிகள் இரண்டையும் செய்யும், ஆனால் எதை முதலில் எடுத்துக்கொள்ளும் என்பது செயலிக்குச் செயலி மாறும். டுடூயிஸ்ட்டில் 'எவ்ரி' என்று ஆங்கிலத்தில் எழுதினால் நாட்காட்டிக் கணக்கு. அதே சொல்லின் பின்னால் ஓர் ஆச்சரியக்குறி சேர்த்தால் முடித்த நாளிலிருந்து கணக்கு. டிக்டிக், டாஸ்க்ஸ்.ஆர்க் ஆகிய இரண்டிலும் கெடு நாளிலிருந்தா, முடித்த நாளிலிருந்தா என்று தேர்ந்தெடுக்க இடம் உண்டு. நான் அப்போது வைத்திருந்த செயலியிலும் அந்த இடம் இருந்தது. மூன்று தட்டல்களுக்கு அடியில் இருந்த அதை நான் திறந்தே பார்க்கவில்லை.

திறந்து பார்க்காததற்குக் காரணம், நான் அந்தச் செயலியைத் தேர்ந்தெடுத்த விதம். அதற்கு முன் பதினோரு ஆண்டுகள் டைரியில்தான் எழுதிவந்தேன். சிவகாசியில் டைரியை விலை கொடுத்து வாங்குபவர் குறைவு. டிசம்பர் பிறந்தால் அச்சக பார்ட்டிகளே கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். டைரியின் அருமை எனக்குத் தெரியும். முடியாத வேலையை அடுத்த நாளின் பக்கத்துக்குக் கையால் மாற்றி எழுத வேண்டும். நான்காவது முறை எழுதும்போது, இதைச் செய்யப்போகிறோமா இல்லையா என்ற கேள்வி தானாகவே வந்துவிடும். ஆனால் 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு, நாற்பது பார்ட்டிகளுக்கு மாதத்துக்கு இரண்டு, மூன்று தேதிகள் என்று ஆனதும் டைரி தாங்கவில்லை. அதன் பின் இரண்டு ஆண்டுகளில் ஐந்து செயலிகளை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் ஒப்பீட்டு வீடியோக்களைப் பார்ப்பேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பழையதிலிருந்து புதியதற்குப் பெயர்களை மாற்றுவேன், வண்ணங்களும் குறிச்சொற்களும் கொடுப்பேன். வீடியோ போடுபவர்களின் வேலை வீடியோ போடுவது. அவர்களுக்கு 20-ஆம் தேதி என்ற ஒன்று கிடையாது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

150 ரூபாய்க்குப் பிறகு ஆறாவது செயலியைத் தேடாமல், ஒரு வாரம் வெள்ளைத்தாளில் எழுதினேன். எனக்கு வந்த ஒவ்வொரு வேலையையும், வந்த வரிசையிலேயே, வீடு, அலுவலகம் என்று பிரிக்காமல் எழுதினேன். சனிக்கிழமை எண்ணியபோது 94 வரிகள் இருந்தன. அவற்றுள் 31 வேலைகளுக்குச் சட்டம் விதித்த தேதி இருந்தது. 22 வேலைகள் என் கையிலேயே இல்லை. பார்ட்டி வங்கி அறிக்கை அனுப்ப வேண்டும், வேறொருவர் கையெழுத்திட வேண்டும் என்ற நிலையில் இருந்தன. மீதி 41-க்குத் தேதியே இல்லை: பிரிண்டருக்கு டோனர் வாங்குவது, மகளின் பள்ளிச் சான்றிதழில் உள்ள எழுத்துப்பிழையைத் திருத்துவது, அலுவலகக் கூரையில் ஒழுகும் இடத்தைக் காட்டுவதற்குக் கொத்தனாரை அழைப்பது போன்றவை. இந்த மூன்றையும் ஒரே பட்டியலில் ஒரே மாதிரி டிக் பெட்டிகளோடு வைத்திருந்தேன். தேதியில்லாத வேலைகளுக்கும் செயலி கேட்டதற்காக ஏதோ ஒரு தேதியைக் கொடுத்து வைத்திருந்ததால், தினமும் காலையில் பத்துப் பன்னிரண்டு பொய்யான கெடுக்கள் சிவப்பில் நின்றன. சிவப்புக்குக் கண் பழகிவிட்டால் மெய்யான கெடுவும் அதில் கரைந்துபோகும்.

அந்தத் தாளைப் பார்த்தபோதுதான், பார்ட்டிகளின் 3பி என்பதைத் தனித்தனிப் பணிகளாகப் பதிந்ததே தவறு என்று புரிந்தது. அது ஒரு பதிவேடு. பார்ட்டிகளின் பெயர் கீழ்நோக்கியும் மாதங்கள் குறுக்காகவும் செல்லும் ஓர் எக்செல் தாளில், தாக்கல் செய்த தேதியையும் ஒப்புகை எண்ணையும் நிரப்பிக்கொண்டே போனால், நிரம்பாத கட்டம் தானே கண்ணில் படும். பணிப்பட்டியலில் இல்லாத பெயரை நாம் தேட முடியாது. கட்டத்தில் காலியிடம் தெரியும். காலாண்டு முறையில் இருப்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் 3பி-யின் நாள் 22, மற்றவர்களுக்கு 20 என்ற வேறுபாட்டையும் ஒரு நெடுவரிசையில் குறித்துவிடலாம். மென்பொருளில் இப்போது எனக்கு இருப்பது 'பதிவேட்டைப் பார்' என்ற ஒரே பணி. அது 10, 15, 19 ஆகிய தேதிகளில் மாதந்தோறும் வருகிறது. பள்ளிக்கூடம், மருந்துக்கடை, வாடகை வீடுகள் என்று ஒரே வேலையைப் பலருக்காகச் செய்யும் எவரும், மென்பொருளைத் தேடும் முன் தங்களுக்குத் தேவைப்படுவது பட்டியலா பதிவேடா என்று பார்ப்பது நல்லது.

கையில் இல்லாத 22 வேலைகளுக்குத் தனியாக ஒரு பட்டியல் தேவைப்பட்டது. அமெரிக்கரான டேவிட் ஆலன் 2001-இல் நூலாக வெளியிட்ட பணி ஒழுங்கு முறையில், பிறரிடமிருந்து வர வேண்டியவற்றுக்கென்றே ஒரு பட்டியல் உண்டு. அவர் சொல்லும் மற்ற பலவற்றையும் நான் முயன்று விட்டுவிட்டேன்; இடவாரியாகப் பிரிப்பதெல்லாம், வீட்டு மாடியிலேயே அலுவலகம் வைத்திருக்கும் எனக்குப் பொருந்தவில்லை. இந்த ஒன்றை மட்டும் விடவில்லை. 'யார், எதை, எந்த நாளில் கேட்டேன்' என்ற மூன்றையும் ஒரே வரியில் எழுதுகிறேன். "போன வாரமே கேட்டேனே" என்று சொல்வதற்கும் "12-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை கேட்டேன்" என்று சொல்வதற்கும் பார்ட்டியிடம் கிடைக்கும் மரியாதை வேறு.

இவ்வளவையும் பிரித்த பிறகே மென்பொருள்களைச் சோதித்தேன். அம்சப் பட்டியல்களைப் படிக்காமல், என் வேலையிலிருந்து மிகச் சிக்கலான பத்துப் பணிகளை எடுத்து, ஒவ்வொரு செயலியிலும் அவற்றை மட்டும் பதிந்து பார்த்தேன். டிடிஎஸ் தொகையை மறுமாதம் 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், ஆனால் மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30. காலாண்டு டிடிஎஸ் ரிட்டர்ன் ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31 என்று ஒழுங்காகப் போய்விட்டு, நான்காவது மே 31-இல் போய் நிற்கும். 'மூன்று மாதத்துக்கு ஒருமுறை' என்று பதிந்தால் அந்த நான்காவது ஏப்ரலில் வந்துவிடும். ஆகவே அதை ஆண்டுக்கு ஒருமுறை வரும் நான்கு தனிப் பணிகளாகப் பதிவதே சரி. மாறாக, முன்வரி (அட்வான்ஸ் டாக்ஸ்) கட்டும் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15-ஆம் தேதிகள் எந்தச் செயலியிலும் சிக்கலின்றி உட்கார்ந்தன.

மாத இறுதியில் சரக்கு இருப்பு எடுப்பது இன்னொரு பொறி. நாட்காட்டி மென்பொருள்கள் பலவும் பின்பற்றும் ஐகேலண்டர் என்ற பொது நியமத்தின்படி, 'மாதந்தோறும் 31' என்று விதி எழுதினால் 31 இல்லாத மாதங்கள் நகர்த்தப்படாமல் அப்படியே விடப்படும். பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பர் ஆகிய ஐந்து மாதங்களில் பணியே வராது. சில செயலிகள் தாமாகவே மாதத்தின் கடைசி நாளுக்கு இழுத்துக்கொள்ளும். சில 'கடைசி நாள்' என்று தனியாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். தேதியை ஜனவரி 31 என்று வைத்து ஒருமுறை டிக் செய்து, அடுத்தது எங்கே விழுகிறது என்று பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அமாவாசையை எந்தச் செயலியாலும் திரும்ப வரச் செய்ய முடியவில்லை. அமாவாசையன்று பணம் எடுத்துக் கொடுக்காத பார்ட்டிகளும் எனக்கு உண்டு, புதுக் கணக்கை அன்றுதான் தொடங்குவேன் என்பவர்களும் உண்டு. தவிர அப்பாவின் திதி ஆண்டுதோறும் வேறு ஆங்கிலத் தேதியில் வரும். இதற்கு நான் கண்ட வழி நயமானதல்ல: ஜனவரியில் ஒரு நாள் தினசரிக் காலண்டரை வைத்துக்கொண்டு, அந்த ஆண்டுக்குரிய தேதிகளை ஒவ்வொன்றாகப் பதிந்துவிடுகிறேன். இருபது நிமிட வேலை.

தமிழில் எழுதுவதைப் பொறுத்தவரை, நான் பார்த்த எல்லாச் செயலிகளிலும் தமிழ் எழுத்துகள் ஒழுங்காகவே தெரிந்தன. 'டுமாரோ' என்று ஆங்கிலத்தில் எழுதினால் தேதியைப் புரிந்துகொள்ளும் செயலி, 'நாளை' என்றால் அதைப் பணியின் பெயராகவே எடுத்துக்கொண்டது. இது பெரிய குறையாகத் தோன்றவில்லை, தேதியைத் தட்டித் தேர்ந்தெடுத்துவிடலாம். தேடலைத்தான் சோதிக்க வேண்டும். ஒரே பார்ட்டியின் பெயரை ஒரு நாள் தமிழிலும் மறுநாள் ஆங்கிலத்திலும் எழுதினால் எந்தத் தேடலும் இரண்டையும் சேர்த்துக் காட்டாது. பெயர்களைத் தமிழிலேயே எழுதுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

நினைவூட்டல் வரவில்லை என்று செயலியைத் திட்டிக்கொண்டிருந்த காலமும் உண்டு. பிறகுதான் தெரிந்தது, குற்றம் என் கைபேசியின் மின்சேமிப்பு அமைப்பில் இருந்தது. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், பயன்படுத்தாமல் கிடக்கும் கைபேசியில் பின்னணிச் செயலிகள் உறங்கவைக்கப்படுகின்றன. கைபேசி உற்பத்தியாளர்கள் சிலர் அதற்கு மேலும் கடுமையான கட்டுப்பாடுகளைச் சேர்க்கிறார்கள். ஆண்ட்ராய்டு 13 முதல், அறிவிப்பு காட்டவே செயலி நம் அனுமதியைக் கேட்க வேண்டும். அவசரத்தில் 'வேண்டாம்' என்று தட்டிவிட்டால் பிறகு ஓசையே இருக்காது. ஆகையால் புதிய செயலி ஒன்றை நிறுவியதும், அதிகாலை ஐந்தரைக்கு ஒரு நினைவூட்டல் வைத்து, கைபேசியை இரவு முழுவதும் தொடாமல் மேசையில் விட்டுவிடுகிறேன். மூன்று நாள் சரியாக ஒலித்தால்தான் அதை நம்புகிறேன். ஒலிக்காவிட்டால் அமைப்புகளில் அந்தச் செயலிக்கு மட்டும் மின்சேமிப்பிலிருந்து விலக்கு அளித்து மீண்டும் பார்க்கிறேன்.

வெளியேறும் வழியை முதல் நாளே பார்த்துவிட வேண்டும் என்பதை, இந்தத் துறையின் வரலாறே சொல்கிறது. ஆஸ்ட்ரிட் என்ற செயலியை 2013-இல் யாஹூ வாங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் அது மூடப்பட்டது. அதன் மூலநிரல் திறந்த நிலையில் இருந்ததால், அதிலிருந்து கிளைத்த டாஸ்க்ஸ்.ஆர்க் இன்றும் இருக்கிறது. பெர்லினில் 2010-இல் பிறந்த வுண்டர்லிஸ்ட்டை 2015-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. அதைத் தொடங்கிய கிறிஸ்டியன் ரெபர் 2019-இல் திரும்ப வாங்கிக்கொள்ள முன்வந்தும் அது நடக்கவில்லை. 2020 மே 6 அன்று நிறுத்தப்பட்டது. பணிகளைப் புதிய செயலிக்கு மாற்றிக்கொள்ள வழி செய்து கொடுத்திருந்தார்கள் என்றாலும், எல்லா மூடுதல்களும் அப்படி நிதானமாக நடப்பதில்லை.

நான் செய்வது இதுதான்: ஐந்தாறு பணிகளைத் தமிழில் பதிந்து, அவற்றைக் கோப்பாக இறக்கி, திறந்து பார்க்கிறேன். சிஎஸ்வி (காற்புள்ளிகளால் பிரித்த அட்டவணை) கோப்பை எக்செல்லில் நேரடியாக இருமுறை தட்டித் திறந்தால் தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் சிதைந்த குறிகளாகத் தெரியும். அதனால் தரவு கெட்டுவிட்டது என்று பதற வேண்டியதில்லை. எக்செல்லின் தரவு இறக்குமதி வழியாக, எழுத்துக் குறியாக்கத்தை யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துத் திறந்தால் சரியாக வரும். அங்கே பணியின் பெயர் மட்டும் இருக்கிறதா, தேதியும் குறிப்பும் திரும்ப வரும் விதியும் இருக்கின்றனவா என்பதே கவனிக்க வேண்டியது. இந்தச் சோதனையின்போது எனக்கு இன்னொரு அதிர்ச்சியும் காத்திருந்தது: நான் குறிப்புகளில் எழுதி வைத்திருந்த பார்ட்டிகளின் போர்ட்டல் கடவுச்சொற்கள் அனைத்தும் அந்தக் கோப்பில் வெட்டவெளியில் கிடந்தன. அன்றிரவே அவற்றை நீக்கி, கடவுச்சொல் காப்பகம் ஒன்றுக்கு மாற்றினேன்.

கடைசியில் நான் வைத்துக்கொண்டது மைக்ரோசாஃப்ட் டு டூ. பதிவேடு எக்செல்லுக்குப் போய்விட்ட பிறகு, எஞ்சிய வேலைக்கு நான் சோதித்தவற்றுள் எதுவுமே போதுமானதாக இருந்திருக்கும். அலுவலகத்தில் விண்டோஸ், கையில் ஆண்ட்ராய்டு, கட்டணம் இல்லை என்பவை வெளிப்படையான காரணங்கள். உள்ளூர என்னை இழுத்தது வேறொன்று. அதில் 'என் நாள்' என்ற பக்கம் ஒவ்வொரு நள்ளிரவும் காலியாகிவிடும். முடிக்காத வேலைகள் அதனதன் பட்டியலில் இருக்கும், ஆனால் இன்று எதைச் செய்யப்போகிறேன் என்பதைக் காலையில் நானே மறுபடியும் எடுத்து வைக்க வேண்டும். டைரியில் புதுப்பக்கம் புரட்டி, நேற்றையதைக் கையால் மாற்றி எழுதிய அதே பழக்கம். வடிகட்டி மாற்றும் நாளை, மாற்றிய அன்றே அடுத்த தேதியிட்டு நானே எழுதிக்கொள்கிறேன். ஆண்டுக்கு நான்கு முறை வரும் வேலைக்காகச் செயலியை மாற்றுவதற்கில்லை.

பிறரிடமிருந்து வர வேண்டியவற்றுக்கான காத்திருப்புப் பட்டியலை என் உதவியாளரோடு பகிர்ந்துகொண்டபோது, அவர் ஒரு வாரம் அதைத் தொடவே இல்லை. கேட்டதற்கு, "சார், இதுல எழுதுற நேரத்துக்கு நான் போன் போட்டே கேட்டுருவேன்" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. இப்போது உடனே தொலைபேசியில் கேட்டு முடிப்பவற்றை எழுதுவதில்லை. "நாளைக்கு அனுப்புறேன்" என்று பதில் வந்தால் மட்டும் எழுதுவது என்று இருவரும் ஒப்புக்கொண்டோம். சிவகாசியில் "நாளைக்கு" என்பதற்குத் தேதி கிடையாது என்பதால் அந்தப் பட்டியல் என்றும் காலியாவதில்லை.

சனிக்கிழமை மாலையில் அரை மணி நேரம், தேதியில்லாத பட்டியலை மேலிருந்து கீழ்வரை படிக்கிறேன். மூன்று மாதமாக அசையாத வரியை நீக்கிவிடுகிறேன். நீக்கிய எதையும் யாரும் இதுவரை கேட்டதில்லை. இதை எழுதும்போது அதில் 37 வரிகள் இருக்கின்றன. கொத்தனார் ஒருவழியாக வந்து போய்விட்டார். அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கும் பதினோரு டைரிகளை என்ன செய்வது என்ற வரி, இந்தச் சனிக்கிழமையோடு பதினோரு வாரமாக அப்படியே இருக்கிறது.